750 மீட்டர் கடலுக்கு ஏழு மாதம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை 6:30க்கு விசில் ஊதினார்கள். 22 நிமிடம் 40 நொடி கழித்து என் விரல் மணலைத் தொட்டது. எழுந்து நின்றபோது தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஒரு சாண் இருந்தது. ஸ்பிரிண்ட் டிரையத்லானில் நீச்சல் 750 மீட்டர்தான். அதற்குப் பிறகு 20 கிலோமீட்டர் சைக்கிளும் 5 கிலோமீட்டர் ஓட்டமும் உண்டு, அவற்றையும் முடித்தேன். ஆனால் இந்தக் குறிப்பு நீச்சலைப் பற்றி மட்டும். ஜனவரி முதல் வாரத்தில் இதே கரையிலிருந்து கிளம்பி, ஏறக்குறைய 140 மீட்டரில் படகைக் கட்டிப்பிடித்து ஏறியவள் நான். நடுவில் என்ன மாறியது என்பதை மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

எனக்கு 39 வயது. ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம், வேலை சென்னையில். கடந்த ஆகஸ்டில் வீட்டுக்கு அருகில் உள்ள 25 மீட்டர் நீச்சல்குளத்தில் சேர்ந்தேன். மாதம் 1,500 ரூபாய். பயிற்சியாளருக்குத் தனியாக 12 வகுப்புகளுக்கு 3,000 ரூபாய். தலையைத் தூக்கிக்கொண்டு கை கால் அடிக்கிற அளவுக்குத்தான் அப்போது தெரியும். ஃப்ரீஸ்டைலை அடியிலிருந்து கற்றேன். ஒரு நீளத்துக்கு 31 கைவீச்சு எடுத்தது அக்டோபரில் 23 ஆகக் குறைந்தது. அக்டோபர் கடைசி வாரம் 30 நீளம் நிற்காமல் நீந்தி 750 மீட்டரை 19 நிமிடம் 10 நொடியில் முடித்தேன். அன்றைக்கே போட்டிக்குப் பணம் கட்டிவிட்டேன்.

அந்த 19:10 உண்மையான கணக்கு இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. ஒவ்வொரு முறை சுவரை உதைத்துத் தள்ளும்போதும் மூன்றரை மீட்டர் சும்மா கிடைக்கிறது. 30 முறை உதைத்தால் 105 மீட்டர். அதோடு, சுவரைத் தொடுகிற அந்த அரை நொடியில் ஒரு மூச்சை முழுதாக இழுத்துக்கொள்கிறோம். குளத்தில் நான் அந்த 30 மூச்சை வைத்துத்தான் பிழைத்துக்கொண்டிருந்தேன். கடலில் சுவர் கிடையாது.

டிசம்பரில் மழையாலும் கடல் கொந்தளிப்பாலும் எங்கும் இறங்க முடியவில்லை. அந்த நாட்களில் ஒரு மிதவை செய்தேன். இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு நீந்துவதற்கு. களைத்தால் பிடித்துக்கொள்ளலாம், தூரத்தில் வரும் படகுக்கும் நம் தலை தெரியும். எண்ணெய் வாங்கிய 5 லிட்டர் கேனைக் கழுவி, மூடியை எம்-சீல் வைத்து அடைத்து, ஆரஞ்சு பெயிண்ட் அடித்தேன். ஒன்றரை மீட்டர் நைலான் கயிறு. இடுப்புக்குப் பழைய பயணப் பெட்டியின் பட்டை. மொத்தச் செலவு 210 ரூபாய். ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தேன், ஒழுகவில்லை. மிதக்கிறதா, ஒழுகுகிறதா என்று மட்டும்தான் சோதித்தேன். அலையில் அது என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை.

ஜனவரி முதல் வாரம், கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் உள்ள ஒரு மீனவக் குப்பத்தில் ஃபைபர் படகு வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் பேசினேன். ஒரு காலைக்கு 1,200 ரூபாய். நான் நீந்த, அவர் பக்கத்திலேயே மெதுவாக வருவார். கடலில் தனியாக இறங்குவதில்லை என்பதில் முதல் நாளிலிருந்தே உறுதியாக இருந்தேன், அது ஒன்றைச் சரியாகச் செய்திருக்கிறேன்.

மற்றதெல்லாம் தவறு. உடைகிற அலைக்குள் நேராக நெஞ்சைக் கொடுத்துப் போனேன். மூன்றாவது அலை என்னைத் தூக்கிக் கரைப்பக்கமே போட்டது. எழுந்து வேகமாக ஓடி, அதே படபடப்போடு நீந்தத் தொடங்கினேன். கேன் அலையில் உருண்டு வந்து கணுக்காலில் இடித்தது. ஒன்றரை மீட்டர் கயிறு தொடைகளுக்கு நடுவே போய்ச் சுற்றிக்கொண்டது. சூரியன் அப்போதுதான் மேலே வந்திருந்தது. நம் கரையில் காலையில் கடலுக்குள் போகிறோம் என்றால் சூரியனை நோக்கித்தான் போகிறோம். என்னுடைய 450 ரூபாய் நீச்சல் கண்ணாடியோ வெள்ளைக் கண்ணாடி. தலையைத் தூக்கினால் ஒரே வெளிச்சம், வேறெதுவும் தெரியவில்லை. போதாததற்குக் கழுத்தில் வாசலின் தடவிய விரலாலேயே கண்ணாடியைச் சரிசெய்திருந்தேன், அதனால் வெளிச்சம் முழுக்க எண்ணெய்ப் பூச்சாகப் பரவியது.

நெஞ்சு இறுகியது. இழுக்க இழுக்க மூச்சு உள்ளே போகவில்லை. கை கால் களைக்கவே இல்லை, அது நன்றாக நினைவிருக்கிறது. காற்றுதான் இல்லை. அண்ணன் படகைத் திருப்பி விளிம்பைக் காட்டினார், பிடித்துக்கொண்டேன். வாட்ச் 140 மீட்டர் என்றது. கரைக்கு வரும்வரை அவர் எதுவும் சொல்லவில்லை. படகை இழுத்துவிட்ட பிறகு, “இப்ப வன்னி ஓடுதும்மா, தண்ணியும் கலங்கல். மாசி வரட்டும், தெண்டி ஆயிடும், கடலும் அடங்கும். அப்ப வா” என்றார். வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டம் வன்னி, தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி. போட்டியும் மாசியில்தான். சரி, ஆறு வாரம் இருக்கிறது என்று வீட்டுக்கு வந்தேன். அன்று இரவு பணம் திரும்பக் கிடைக்குமா என்றும் விசாரித்தேன். கிடைக்காது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். வீட்டிலிருந்தே வேலை என்று கேட்டு வாங்கி, மொத்தம் 12 நாள் தங்கினேன். எங்கள் தோட்டம் தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். மழைக்கும் வாய்க்கால் தண்ணீருக்கும் கிணறு நிரம்பி, மேலிருந்து நான்காவது படியில் தண்ணீர் நின்றது. அந்தக் கிணற்றில் நான் அதுவரை இறங்கியதே இல்லை. அண்ணன்களும் மாமா பையன்களும் முதுகில் சொரபுருடையை, அதாவது காய்ந்த சுரைக்குடுக்கையை, கட்டிக்கொண்டு குதித்துப் பழகினார்கள். பெண் பிள்ளைகள் மேலே நின்று துணியைப் பார்த்துக்கொள்வோம். என் தாய்மாமாவுக்கு இப்போது 68 வயது. அந்தப் பையன்கள் எல்லோருக்கும் நீச்சல் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். விஷயத்தைச் சொன்னதும் லாரி ட்யூப் ஒன்றையும் ஒரு கயிற்றையும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

கிணறு சதுரம். டேப் வைத்து அளந்ததில் ஒரு பக்கம் 13.2 மீட்டர். சுவரிலிருந்து ஒரு கை தள்ளி உள்ளுக்குள்ளேயே சுற்றி வந்தால் ஒரு சுற்று ஏறக்குறைய 44 மீட்டர். 17 சுற்று 748 மீட்டர். சுவரைத் தொடக் கூடாது, உதைக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். ஒரே பக்கமாகச் சுற்றினால் தலை கிறுகிறுக்கும், அதனால் நான்கு சுற்றுக்கு ஒருமுறை திசை மாற்றினேன்.

முதல் நாள் இரண்டாவது சுற்றிலேயே கடலில் வந்த அதே இறுக்கம் வந்தது. கீழே பார்த்தால் பச்சையாகத் தொடங்கி, கைக்கு அந்தப்பக்கம் கறுப்பாகிவிடுகிற தண்ணீர். குளத்தின் நீல ஓடும் கோடும் இல்லாத இடத்தில் கண்ணுக்குப் பிடிமானம் கிடைக்கவில்லை. ட்யூபைப் பிடித்துக்கொண்டு மிதந்தேன். மாமா படியில் உட்கார்ந்தபடி, “அம்மிணி, நீ குமிழியே உடறதில்ல” என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. “மொத பக்கத்துல மூஞ்சிகிட்ட குமிழி வந்துச்சு. அப்பறம் நின்னு போச்சு. குமிழி நின்னா மூச்சப் புடிச்சிட்டு இருக்கறேன்னு அர்த்தம். உள்ள இருக்கறத உடாம மறுக்கா எங்க இழுக்கறது?”

ஐந்து மாதம் நீச்சல் கற்றவளுக்கு அது தெரியாமல் இல்லை. பயிற்சியாளரும் சொல்லியிருக்கிறார். ஆனால் பயம் வந்த அந்த நொடியில் நான் மூச்சைப் பிடிக்கிறேன் என்பதை எனக்கு யாரும் வெளியிலிருந்து பார்த்துச் சொன்னதில்லை. குளத்தில் பயிற்சியாளர் என் முழங்கையையும் இடுப்பையும் பார்த்தார். மாமா தண்ணீர் மேல் வரும் குமிழியைப் பார்த்தார்.

அந்த 12 நாளும் காலை ஏழு மணிக்கு இதுதான் வேலை. முதலில் படியைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்து, மூக்கு வழியாக மெல்லிய இழையாகக் குமிழி விட வேண்டும். மொத்தமாக ஊதித் தள்ளினால் கணக்கில் சேராது. பத்து மூச்சு. அப்புறம் காற்றை முழுதாக விட்டு, உடம்பு தானாகக் கீழே இறங்குகிறதா என்று பார்ப்பது. நெஞ்சில் காற்று இருந்தால் இறங்காது. இறங்கினால் முழுதாக விட்டிருக்கிறோம் என்று தெரியும். இடுப்பில் மாமாவின் கயிறு இருக்கும். அதற்குப் பிறகுதான் சுற்று. குமிழி நின்றால் மாமா கயிற்றின் நுனியைத் தண்ணீரில் ஒரு அடி அடிப்பார், அந்தச் சத்தம் காதில் விழும். முதல் நாள் 17 சுற்றில் எத்தனை அடி என்று எண்ணவே முடியவில்லை. ஆறாம் நாள் ஒன்பது. பதினோராம் நாள் இரண்டு.

அதே கிணற்றில் இன்னொன்றையும் கண்டுபிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு பத்து கைவீச்சு போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் இடதுபக்கச் சுவருக்கே போனேன். வலப்பக்கம் மட்டுமே மூச்சு எடுக்கிற பழக்கத்தால் இடக்கை நேராக நீளாமல் நெஞ்சுக்குக் குறுக்கே வந்திருக்கிறது. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, மூன்று கைவீச்சுக்கு ஒரு மூச்சு என்று பழகினேன். முதல் மூன்று நாள் இடப்பக்கம் தண்ணீரைத்தான் குடித்தேன். 12 நாளில் முழுக்கச் சரியாகவில்லை, பாதி சரியானது.

எண்ணெய் கேன் மிதவையையும் அங்கே திரும்பச் சோதித்தேன். கயிற்றை 60 சென்டிமீட்டராகக் குறைத்தால் தொடையின் பின்பக்கம் தட்டியது, 90 வைத்தால் காலடிக்குள் வந்தது. கேன் கனமாகவும் உருண்டையாகவும் இருப்பதுதான் கோளாறு, கயிற்றின் நீளம் இல்லை. கடைசியில் காற்றடைக்கும் ரெடிமேட் மிதவையை 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். அது முதுகுக்குப் பின்னால் தட்டையாகப் படுத்து வருகிறது, இருப்பதே தெரிவதில்லை. இந்த இடத்தில் சொந்தமாகச் செய்து மிச்சம் பிடிக்கப் பார்த்திருக்கக் கூடாது.

பிப்ரவரியில் நான்கு காலை கடலுக்குப் போனேன். படகு அண்ணன் சொன்னபடியே கடல் அடங்கியிருந்தது. முதல் நாள் தூரமே நீந்தவில்லை. அலை உடைகிற இடத்தைத் தாண்டி வெளியே போவதும் திரும்பி வருவதும் மட்டும், எட்டு முறை. இடுப்பளவு வரை நடை. உடைந்து வரும் அலைக்கு முன்னால் தலையைக் குனிந்து அடியில் மூழ்கி, இரண்டு கையாலும் மணலைப் பிடித்துக்கொண்டால் அலை முதுகுக்கு மேல் போய்விடுகிறது. திரும்பி வரும்போது பின்னால் பார்த்துக்கொண்டே வர வேண்டும், அலை தூக்கும்போது நீந்த வேண்டும், கை மணலில் படும் வரை எழுந்து நிற்கக் கூடாது. ஒருமுறை அவசரப்பட்டு நெஞ்சளவில் நின்றேன், பின்னால் வந்த அலை முழங்காலை மடக்கி உருட்டியது.

இரண்டாம் நாளுக்கு அந்த எண்ணெய் கேனையே திரும்ப வேண்டிய இடத்து அடையாளமாக வைக்கலாம் என்று கொண்டு போனேன். கீழே பத்து கிலோ மணல் மூட்டை, ஐந்து மீட்டர் கயிறு. அந்த இடத்தில் ஆழம் நான்கு மீட்டர் இருக்கும். போட்ட பத்து நிமிடத்தில் மூட்டை நகர்ந்து கேன் வடக்கே போய்விட்டது. கயிறு விறைப்பாக நின்றால் ஒவ்வொரு அலையும் மூட்டையைத் தூக்கிவிடும் என்று அண்ணன் விளக்கினார். ஆழத்தைப்போல மூன்று பங்கு கயிறு விட்டு, படகில் இருந்த சின்ன நங்கூரத்தைக் கட்டினார். கேனின் கைப்பிடியில் அவர் போட்ட முடிச்சு இரண்டு சுற்றும் ஒரு மடிப்பும்தான். கயிற்றை இழுத்தால் இறுகியது, நுனியைச் சுண்டினால் அவிழ்ந்தது. நான் போட்டிருந்த நான்கு முடிச்சைப் பிறகு கத்தியால் அறுக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு கேன் அசையவில்லை. 210 ரூபாய் வீணாகவில்லை என்பதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம்.

அன்று போக 300, வர 300 நீந்தினேன். வாட்சைக் கையில் கட்டாமல் மிதவையின் பைக்குள் வைத்தேன். கை தண்ணீருக்குள் போய்ப் போய் வரும்போது ஜிபிஎஸ் விட்டுவிடுகிறது, மேலே மிதப்பதில் வைத்தால் தடம் ஓரளவு சரியாக விழுகிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் போகும்போது வில் மாதிரி வடக்கே வளைந்து 410 மீட்டர் போயிருந்தேன். வரும்போது 320 மீட்டர், நேர் கோடு. கொஞ்ச நேரம் யோசித்த பிறகுதான் பிடிபட்டது. கிழக்கே போகும்போது வடக்கு எனக்கு இடப்பக்கம். தெண்டி தள்ளுவதும் அங்கேதான், என் கை இழுப்பதும் அங்கேதான். மேற்கே திரும்பினால் நீரோட்டம் வலப்பக்கம் தள்ளும், கை இடப்பக்கம் இழுக்கும், இரண்டும் கழிந்துபோகிறது. மூன்றாம் நாளிலிருந்து போகும்போது கேனைக் குறிவைக்காமல், அதற்கு வலப்புறம் இரண்டு படகு நீளம் தள்ளிக் குறிவைத்தேன். ஆறு கைவீச்சுக்கு ஒருமுறை கண் மட்டும் வெளியே தெரியும் அளவுக்குத் தலையைத் தூக்குவது. அதற்கு மேல் தூக்கினால் இடுப்பு அமுங்குகிறது. 410 என்பது 345 ஆனது. கரைக்கு வரும்போது குப்பத்துக்குப் பின்னால் நிற்கிற செல்போன் டவர் எனக்குக் குறி. மணலில் நிற்கும் ஆட்களும் படகுகளும் இடம் மாறும், டவர் மாறாது.

கறுப்புக் கண்ணாடி 1,150 ரூபாய். உள்பக்கம் ஒரு சொட்டு பேபி ஷாம்பூ தடவி, லேசாக அலசினால் அரை மணி நேரத்துக்குப் பனி படர்வதில்லை. வாசலினை இப்போது பிளாஸ்டிக் உறையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவுகிறேன். கழுத்து, அக்குள், முதுகுப் பட்டை ஓரம். உப்புத் தண்ணீரில் 20 நிமிடம் உரசினால் தோல் எப்படி ஆகும் என்பதற்குப் பின்கழுத்தில் இன்னும் தழும்பு இருக்கிறது. நான்காம் நாள் மணிக்கட்டில் சொறிமீன் பட்டது. மணலை வைத்துத் தேய்க்காதே என்று அண்ணன் கத்தினார். கடல் தண்ணீரிலேயே கழுவினேன், வீட்டில் வெந்நீரில் வைத்தேன், மறுநாள் எரிச்சல் போய்விட்டது.

குளிர் தாங்குவதற்கான நீச்சலுடை, வெட்சூட், வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்டார்கள். நம் கடலுக்கு வேண்டாம். மாசியிலும் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். அந்தச் சூட்டில் போட்டிகளில் அதை அனுமதிப்பதும் இல்லை.

போட்டி நாள். 5:45க்கே கடலில் இறங்கி இடுப்பளவில் நின்று, முகத்தை வைத்துப் பத்து மூச்சு குமிழி விட்டேன். கிணற்றுப் படியில் செய்த அதே வேலை. முந்தின நாள் விளக்கக் கூட்டத்தில் ஒரு விதியைச் சொன்னார்கள்: களைத்தால் பாதுகாப்புப் படகைப் பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்கலாம், அதைப் பிடித்து முன்னேறக் கூடாது, அவ்வளவுதான். அதைக் கேட்டதும் பாதி பாரம் இறங்கியது. விசில் ஊதியதும் எல்லோரும் ஓட, நான் பத்து வரை எண்ணிவிட்டு, வலது ஓரமாக நடந்து போனேன். வலது ஓரம் என்றால் தெற்கு. பாதையைக் காட்டப் போட்டிருந்த முதல் மிதவைப் பக்கம் தெண்டி என்னைத் தானே தள்ளட்டும் என்ற கணக்கு.

80 மீட்டர் வாக்கில் யாருடைய குதிகாலோ என் கண்ணாடியில் பட்டு, இடக்கண்ணில் தண்ணீர் புகுந்தது. நெஞ்சு இறுகத் தொடங்கியது. மல்லாக்கத் திரும்பி, கண்ணாடியைக் கழற்றிக் கொட்டி மாட்டினேன். குப்புறத் திரும்பியதும் தண்ணீரில் கயிறு அடிக்கிற சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. மூக்கு வழியாக விட்டேன். முகத்தை ஒட்டிக் குமிழி ஏறிப் போவது தெரிந்தது. நான்கு மூச்சில் நெஞ்சு விட்டுக்கொடுத்தது. அதன் பிறகு முதல் மிதவை வரை தொல்லை இல்லை.

முதல் மிதவையிலிருந்து தெற்கே 150 மீட்டர் நீரோட்டத்துக்கு எதிராகப் போக வேண்டும். இதற்கு நான் பயிற்சியே எடுக்கவில்லை. பக்கத்தில் வந்த பாதுகாப்புப் படகு நகரவே இல்லை போலிருந்தது, உண்மையில் நகராதது நான்தான். அந்த 150க்கு மட்டும் ஆறரை நிமிடம் ஆகியிருக்கிறது. கடைசி 300, டவரைப் பார்த்து நேராக வந்தேன்.

மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்தேன். குளம் ஏழு மாதம் 10,500, வகுப்பு 3,000, படகு ஐந்து காலை 6,000, இரண்டு கண்ணாடி 1,600, மிதவைகள் 1,610. ஆக 22,710 ரூபாய், போட்டிக் கட்டணமும் பெட்ரோலும் நீங்கலாக. அடுத்த முறை குளத்தில் மூன்று மாதம் போதும், அந்தப் பணத்தில் இன்னும் ஐந்து காலை படகு எடுப்பேன். அதில் இரண்டு காலை நீரோட்டத்துக்கு எதிராக மட்டும் நீந்துவேன். இடப்பக்க மூச்சு இன்னும் அரைகுறையாகத்தான் இருக்கிறது. 1,500 மீட்டருக்குப் போவதற்கு முன் அதைச் சரிசெய்ய வேண்டும்.

சாயங்காலம் மாமாவுக்குப் போன் செய்தேன். எத்தனை நிமிடம், எத்தனையாவது ஆள் என்று எதுவும் கேட்கவில்லை. “எங்கயாச்சும் குமிழி நின்னுதா?” என்றார். ஒரு இடத்தில் என்றேன். சித்திரை நோம்பிக்கு வரும்போது கிணற்றில் தண்ணீர் இருக்கும், கண்ணாடியை எடுத்துக்கொண்டு வா என்றார்.